இடையும் தோளும்

திருக்குறட் காமத்துப்பாலில் மெலிவு இருவேறு நிலையில் வந்துள்ளமையைக் கற்போர் பலரும் நோக்குவதில்லை. நலம்புனைந்துரைத்தலில் தலைவன், காம்பு களையாத அனிச்சப்பூவின் பாரத்தையும் தாங்கலாற்றாத இடையென வியக்கின்றான். உறுப்புநலனழிதலிலோ தலைவியின் தோள் மெலிகின்றது, தொடி கழல்கின்றது. அதுகண்டோர் தலைவனைக் கொடியன் என்கின்றனர். அவ்வுரை பொறாது அவள் நோகின்றாள். முன்னையது காதலனின் மிகைக்கூற்று. பின்னையது நோயின் அடையாளம். அதிகாரப் பெயரே அதனை நலன் அழிதல் என்கின்றது. ஆகவே, நுண்ணிடையைப் பாராட்டிய புலவர் மெலிந்த மேனியைப் பாராட்டினாரல்லர். மூங்கிலன்ன பணைத்தோளையும் உடன்வைத்தே பாடினர். பிற்காலத்தார் சிலர் இடையே இல்லையென்று பாடிச் சலிப்பூட்டியது வேறு கதை.

இக்கால விளம்பரப் படங்கள் இவ்வேறுபாட்டை அறியா. தோளும் மெலிதல் வேண்டும் என்பன அவை. பீஜித் தீவில் பருத்த உடலே சுற்றத்தாராற் பேணப்பட்டமைக்குச் சான்றாக மதிக்கப்பட்டது. அங்கே நட்ரோகாப் பகுதியில் 1995இல் தொலைக்காட்சி புகுந்தது. அவ்வாண்டில் ஆன் பெக்கர் பள்ளி மாணவியரை வினவியபோது, உடல் மெலிதற்பொருட்டு உண்டதை வலிந்து கக்குவதாகக் கூறியவர் ஒருவருமிலர். 1998இல் அங்ஙனம் கூறியோர் 100க்கு 11 பேர். திரையிற் கண்ட மாந்தரைப் போலாதல் வேண்டும் என்றும் அம்மாணவியர் சிலர் கூறினர்.