உறங்கும்போது கை கற்கிறதா?

'தூங்கினவன் கன்று கடாக்கன்று' என்று தூக்கத்தை இடித்துரைத்தனர் நம் முன்னோர். பிரித்தானிய ஆய்வாளர் மாத்யூ வாக்கரும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை நேர்மாறான சேதியைச் சொன்னது. விசைப்பலகையில் ஐந்து தட்டல்கள் கொண்ட வரிசையொன்றைப் பழகியவர்கள், இரவு உறங்கி எழுந்ததும், மேற்கொண்டு பயிற்சி ஏதுமின்றியே ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் வேகத்தில் தட்டினார்களாம். பகல் முழுவதும் விழித்திருந்தவர்களிடம் இந்த உயர்வு காணப்படவில்லை.

கேட்க இனிக்கிறது. ஆனால் திமோதி ரிக்கார்டு குழுவினர் 2008-இல் ஒரு தடை எழுப்பினர். பயிற்சியின் கடைசியில் விரல்கள் களைத்திருக்கும். அந்த வேகத்தை மறுநாள் காலையின் வேகத்தோடு ஒப்பிட்டால், களைப்பு நீங்கியதே கற்றல் போலத் தோன்றும் அல்லவா? களைப்பின் கலப்பை நீக்கி அளந்தபோது, தூக்கம் தந்த உயர்வு அவர்களுக்குக் கிட்டவில்லை. இவ்வாதம் முழுமையானது என்று நான் கருதவில்லை; விழித்திருந்தோருக்கும் ஓய்வு கிடைத்ததே! எனினும், அளக்கும் முறையை ஐயுறக் கற்பித்த வகையில் இது நல்ல கட்டுரை.

பக்கவாத நோயாளிகளிடம் வருவோம். கேத்தரின் சீங்சுகான், லாரா பாய்டு இருவரும் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், திரையில் அசையும் குறியை நோயாளிகள் கையால் பின்தொடர்ந்தனர். உறங்கி எழுந்த நோயாளிகள் முன்னேறினர், உறங்காதவர்கள் முன்னேறவில்லை. விந்தை என்னவெனில், அவர்களை ஒத்த வயதுடைய நலமானவர்களுக்கு உறக்கம் அப்படி உதவவில்லை! மூளையில் அடிபட்டவருக்குத்தான் தூக்கம் கூடுதலாகத் துணைநிற்கிறதோ என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது.

என் மனக்குறையும் இங்கேதான். உறங்கிய குழு மாலையில் பழகிக் காலையில் சோதிக்கப்பட்டது. மற்றது காலையில் பழகி மாலையில். தூக்கத்தின் பயனோடு நேரத்தின் வேறுபாடும் கலந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, சோதிக்கப்பட்டது பாதிப்புக் குறைந்த கை. நோயாளி கேட்பதோ, "விழுந்துபோன கை மீண்டும் டம்ளரைத் தூக்குமா?" என்று. இதற்கு அந்த ஆய்வுகளில் விடை இல்லை.

ஆயினும், வார்டில் நள்ளிரவு விளக்கை அணைப்பதற்கு யாரும் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கவாதம் வந்தவர்களிடம் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு மிகுதி. பெருங்குறட்டையை "நன்றாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். அதை மருத்துவரிடம் சொல்லலாம். ஆனால் தூக்கத்தை நம்பிப் பகல் பயிற்சியைக் குறைத்துவிடுவது தவறு. மேற்சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலுமே, உறங்கியவர் முதலில் பழகியவர்.