சீப்பு மின்வாய்களின் தடங்கல்: கணிப்பு மரபுகளும் அவற்றின் உரைகல்லும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் நாரந்தனையிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஒருவர் கைத்தொலைபேசியில் பேசும்போது, வானில் கலந்து வரும் மீடிறன்களில் உரியதை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையைப் பல கருவிகளில் செய்வது ஒரு சிறு பளிங்குத் தகட்டின் மேற்பரப்பில் ஓடும் ஒலியலை. அந்த அலைவகையை 1885இல் ரேலி பிரபு கணிதத்தால் விளக்கினார். 1965இல் வைற்றும் வோல்ற்மரும் ஒன்றுக்குள் ஒன்று கோத்த சீப்பு மின்வாய்களால் அதை எழுப்பிக் காட்டினர். அந்தச் சீப்பு வெளிச்சுற்றுக்கு எவ்வளவு தடங்கலாகத் தெரிகிறது என்பதே வடிவமைப்பாளரின் முதற்கேள்வி. வழக்கமான 50 ஓமுடன் அது பொருந்தாவிட்டால் வலுவில் ஒரு பங்கு தெறித்துத் திரும்பிவிடும்.

இதைக் கணிக்க மூன்று மரபுகள் வளர்ந்தன. 1969இல் சிமித் குழுவினர் மேசனின் சமானச் சுற்றைச் சீப்புக்குப் பொருத்தினர். கையாலேயே கணக்கிடலாம், ஆனால் சீப்பின் விரல்களில் அலை தெறிப்பதை அதன் எளிய வடிவம் விட்டுவிடும். அந்தத் தெறிப்பை இணைந்த அலைகளின் மரபு சேர்த்துக்கொண்டது. மூன்றாவதான முடிவுறு மூலக முறை, பளிங்கின் பொறிமுறைச் சமன்பாடுகளையும் மின்சமன்பாடுகளையும் ஒன்றாகத் தீர்த்து மின்வாயில் சேரும் ஏற்றத்தைக் காண்கிறது. ஏற்றம் மாறும் வீதம் மின்னோட்டம். மின்னழுத்தத்தை அதனால் வகுத்தால் தடங்கல். இன்று மென்பொருளே எல்லாம் செய்கிறதே, பழைய மரபுகள் எதற்கு என்று கேட்போர் உண்டு. நாம் கொடுத்த கேள்விக்கு மட்டுமே மென்பொருள் விடை தருகிறது. இருபரிமாண மாதிரியில் கிடைப்பது ஓரலகு நீள விரலுக்குரிய ஏற்றம். உண்மையான விரல் நீளத்தால் பெருக்காவிட்டால் விடை பிழை. ஒரே இணை விரல்களை எடுத்து ஓரங்களில் ஆவர்த்தன நிபந்தனை விதித்தால், அது முடிவற்ற சீப்பின் கணக்கு. குறுகிய சீப்பின் இரு முனைகளிலும் அலை வெளியேறுவது அதில் இராது. பொருளின் இழப்பைச் சேர்க்காவிட்டால் அந்த முடிவற்ற சீப்பின் தடங்கல் பரிவில் பூச்சியத்துக்கும் எதிர்ப்பரிவில் முடிவிலிக்கும் போகும். இலித்தியம் நியோபேற்றின் 128 பாகை வெட்டில் மின்பொறிமுறை இணைப்பு ஏறத்தாழ 5 சதவீதம், குவார்ட்சில் 0.1 சதவீத அளவே. எனவே குவார்ட்சில் பரிவும் எதிர்ப்பரிவும் மிக நெருங்கி நிற்கும். மீடிறன் படியைப் பெரிதாக வைத்தால் இரண்டுமே கண்ணில் படாமற் போகலாம்.

அளவீட்டோடு ஒப்பிட்டால் போதும் என்பது இன்னொரு வாதம். அளவீட்டில் இணைப்புக் கம்பியும் உறையும் கலந்தே வரும். அவற்றைக் கழித்தபின்தான் ஒப்பீடு நியாயமாகும். அதற்கு முன்பே கணிப்பு தன் உரைகல்லில் தேற வேண்டும்: பரிவுக்கு வெகு கீழே அது வெறும் கொள்ளளவியாக நடக்க வேண்டும், தடங்கலின் மெய்ப்பகுதி எங்கும் மறையாகக் கூடாது. முதற்சோதனைக்கு வேண்டிய கொள்ளளவத்தைப் பழைய சமானச் சுற்றே சில நிமிடங்களில் தரும். தீவகத்திலிருந்து பொறியியல் படிக்கச் செல்லும் மாணவர்களே, தடங்கல் வரைபு வெளியிடும்போது விரல் நீளத்தையும் இணைகளின் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்ட இழப்பையும் அருகில் எழுதுங்கள்.