வேளையும் வேலியும்: மெய்காப்புப் படைகள் கல்வெட்டிலும் கதையிலும்

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996-இல் தொடங்கிய மிகைபுனைவு நாவல் வரிசையில் வரும் அரச மெய்காப்பு அணியினர் எழுவர். வெள்ளை மேலாடை அணிந்த அவர்கள், மணம் செய்வதில்லை, நிலம் கொள்வதில்லை, சாகும்வரை பணியை விடுவதில்லை என்று சூளுரைத்தவர்கள். இந்தச் சூளுறவில் தமிழ் வரலாற்று வாசகருக்கு விந்தையாகப் படவேண்டியது உயிரைக் கொடுப்பதாகச் சொல்லும் பகுதியன்று, நிலம் வேண்டாம் என்று சொல்லும் பகுதியே. தமிழ் மன்னர்களின் மெய்காப்புப் படைகளைப் பற்றிக் கிடைக்கும் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால், உயிரையும் நிலத்தையும் ஒரே மூச்சில் பேசியவர்களாகவே அவர்கள் தென்படுகின்றனர்.

சோழர் ஆவணங்களில் இவர்களுக்கு வழங்கும் பெயர் வேளைக்காரர் என்பது. 'வேளை' இங்கே உரிய தருணத்தைக் குறிக்கும் என்றும், மன்னனுக்கு இடர் நேரும் வேளையில் உயிரை ஈடாக வைக்க உறுதி பூண்டவர்கள் என்பதே இப்பெயரின் கருத்து என்றும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி விளக்கினார். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் 'இராசராசத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்', 'அழகிய சோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்று படைப்பிரிவுகள் அடுக்கடுக்காக வருகின்றன. 'தெரிந்த' என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள்படும், அதற்கு முன் நிற்பது பெரும்பாலும் மன்னனின் விருதுப் பெயர். ஆனால் இப்பெயர்கள் அங்கே போர்ச் செய்தியாகப் பதிவாகவில்லை, கோயிலின் அறக்கட்டளைக் கணக்குகளுக்கிடையே பதிவாகியிருக்கின்றன. அதே கோயிலைக் காவல் செய்ய ஊர்கள் அனுப்பவேண்டிய ஆட்களுக்குத் 'திருமெய்காப்பு' என்று பெயர் இருந்ததையும் சேர்த்து நோக்கினால், மன்னன் மெய்யைக் காப்பதற்கும் இறைவன் மெய்யைக் காப்பதற்கும் மொழி பெரிய வேறுபாடு வைக்கவில்லை என்பது விளங்கும்.

கொங்கு வாசகருக்கு அந்தப் பட்டியலில் இன்னொரு சொல்லும் பழகியதாக இருக்கும். 'தெரிந்த கைக்கோளர்' என்று சோழர் கல்வெட்டுகள் குறிக்கும் படையினரின் பெயரையே, ஈரோடு, சென்னிமலை, திருச்செங்கோடு வட்டாரங்களில் தறியோடு வாழும் செங்குந்தர் சமூகம் தன் பழம்பெயராகக் கொண்டிருக்கிறது. அவர்களின் வீரத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாக 'ஈட்டி எழுபது' என்னும் நூலும் உண்டு. வாளும் தறியும் ஒரே கையில் எப்படிச் சேர்ந்தன என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்படைகளின் உள்ளியல்பை மிக விரிவாகக் காட்டும் சான்று தமிழகத்தில் இல்லை, இலங்கையின் பொலன்னறுவையில் இருக்கிறது. முதலாம் விசயபாகு சோழர் மீது படையெடுக்கத் தன்னிடம் பணிபுரிந்த வேளைக்காரரை ஏவியபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தனர் என்றும், தளபதிகளைக் கொன்று அரண்மனைக்குத் தீயிட்டு, அரசனின் தங்கையையும் அவள் மக்களையும் கைப்பற்றினர் என்றும் சூளவம்சம் கூறுகிறது. தப்பியோடிய அரசன் திரும்பி வந்து, கிளர்ச்சித் தலைவர்களைக் கட்டிவைத்துத் தீயிலிட்டான். மார்ட்டினின் கதையில் மெய்காப்பாளன் ஒருவன் தன் அரசனையே கொன்று, ஆயுள் முழுதும் அந்தப் பழிப்பெயரைச் சுமக்கிறான். பொலன்னறுவையில் நடந்ததோ வேறு. விசயபாகு ஏறத்தாழ 1110-இல் இறந்தபின், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டது. மொக்கல்லான தேரரின் வேண்டுகோளின்படி அவர்கள் வளஞ்சியர், நகரத்தார் ஆகிய வணிகக் குழுவினரையும் கூட்டி, கோயிலுக்குத் தங்கள் பெயரையே சூட்டி, அதன் ஊர்களையும் பணியாளரையும் உடைமைகளையும் உயிரைக் கொடுத்தும் காப்பதாகத் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தனர். அதற்கென ஆளையும் வேலிக் கணக்கில் நிலத்தையும் ஒதுக்கினர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர் அதில் கூட்டாக ஒப்புகின்றனர். தனிவீரன் ஒருவன் முழந்தாளிட்டுச் செய்யும் சூளுறவாக இல்லாமல், ஒரு குழு தன் வழித்தோன்றல்களையும் பிணைத்துச் செய்யும் உடன்படிக்கையாகவே இது அமைந்திருக்கிறது. கிளர்ச்சியையும் காவலையும் ஒரே படை செய்ய முடிந்ததற்கு இந்தக் குழுத்தன்மையே காரணமாகலாம்.

உயிர்விடும் பகுதி வெறும் சொல்லாக நின்றுவிடவும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னனின் சிதையில் அவனுடைய அணுக்கர்கள் தாமும் பாய்ந்து உயிர்விடுவர் என்று எழுதினார். பாண்டியரின் 'தென்னவன் ஆபத்துதவிகள்' இவர்களே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. போசளரிடம் இத்தகையோர் கருடர் எனப்பட்டனர். இரண்டாம் வீரவல்லாளன் 1220-இல் இறந்தபோது தண்டநாயகன் குவர லட்சுமன் தன் மனைவியோடும் வீரர்களோடும் உயிர்நீத்ததை அளேபீடு ஓய்சளேசுவரர் கோயில் வளாகத்துத் தூண் இன்றும் காட்டுகிறது.

புனைவு இச்சான்றுகளை எவ்வாறு எடுத்தாண்டது என்பதற்குக் கல்கியே முதன்மையான எடுத்துக்காட்டு. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' சுந்தர சோழனைச் சுற்றி வேளைக்காரப் படையையும், அவனுடைய குலத்துக்கு எதிராக ஆபத்துதவிகளையும் நிறுத்தியது. உடையார்குடிக் கல்வெட்டில் சுந்தர சோழனின் மகன் ஆதித்த கரிகாலனின் கொலை தொடர்பாகப் பெயர் சுட்டப்படும் இரவிதாசன், 'பஞ்சவன் பிரமாதிராயன்' என்ற பட்டம் பெற்ற ஓர் அந்தண அதிகாரி. கல்வெட்டு அவனையும் அவனுடைய உறவினரையும் பற்றிப் பேசுவது அவர்களின் நிலவுடைமையைப் பறிமுதல் செய்வதற்காகவே. கல்கி அவனைக் காட்டில் சூளுரைக்கும் ஆபத்துதவியாக்கினார். கதைக்கு அது பெரும் ஆதாயம் என்பதில் ஐயமில்லை, ஆயினும் நிலம் அங்கே கதையைவிட்டு நழுவிவிட்டது.

கொங்கின் சொந்தக் கதையோ நிலத்தை ஒருபோதும் நழுவவிடவில்லை. அண்ணன்மார் சுவாமி கதை, குன்றுடையான் வழிவந்த பொன்னர், சங்கர் என்னும் இரு உடன்பிறந்தாரின் காணிப் போராட்டத்தைப் பாடுவது. உடுக்கையடித்து இரவு பல பாடப்படும் இதனைக் காங்கேயம் வட்டாரத்தில் 1960-களில் ஒலிப்பதிவு செய்து, பிரெண்டா பெக் உலக ஆய்வாளர்முன் வைத்தார். அதில் அண்ணன்மாரின் நிழலாகத் தொடர்பவன் சாம்புவன். அவன் பெயரும் சாதியும் பாடுவோருக்கேற்ப மாறினாலும், தலைவர்கள் களத்தில் மாய்ந்தபின் தானும் மாய்வது அவனுடைய பணியின் நிறைவாகப் பாடப்படுகிறது. ஆபத்துதவிக்குரிய இலக்கணம் முழுவதும் அவனிடம் உண்டு, பட்டப்பெயரும் விருதும் மட்டும் இல்லை. காணிக்காகப் போரிட்ட தலைவர்களுக்காக உயிர்விட்ட அவனுக்கு அந்தக் காணியில் என்ன பங்கு என்ற கேள்வியை ஆய்வுகள் இன்னும் போதிய அளவு எழுப்பவில்லை.

வீரப்பூரிலும் கொங்குச் சிற்றூர்களிலும் இக்கதையின் முடிவு படுகளம் என்னும் சடங்காக நிகழ்கிறது. அருள்வந்தோர் மாண்ட வீரர்களாகத் தரையில் சாய்கின்றனர். அண்ணன்மாரின் தங்கையான தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்பும்வரை அவர்களைச் சுற்றி உடுக்கை ஒலித்துக்கொண்டிருக்கிறது.