தெறித்த ஆரஞ்சுக்கும் மதிப்பெண் உண்டு

செவ்ரலேயின் சிறிய வி-8 இன்ஜின் 1955-இல் வந்தது. அது ஆலையில் நிறம் வாங்கிய விதத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வால்வு கவர், தண்ணீர் பம்ப், ஆயில் பான் எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் முழு இன்ஜினுக்கும் ஆரஞ்சு எனாமலை அடித்தார்கள். பிரைமர் கிடையாது. நின்று நிதானிக்க நேரமும் கிடையாது. போல்ட் தலையும் கேஸ்கெட் ஓரமும் சேர்ந்தே நிறமேறின. அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு இருந்தால் அதன் விளிம்பில் ஆரஞ்சு தெறித்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்த பெயின்ட் கார் கொஞ்சம் ஓடியதுமே கருகி உதிர்ந்தது. பெயின்ட் துப்பாக்கி எட்டாத மூலைகளில் வெறும் வார்ப்பிரும்பு தெரிந்தது.

இன்று அதே இன்ஜினைப் புதுப்பிப்பவர் அந்தத் தெறிப்பையும் திரும்பக் கொண்டுவர வேண்டுமா, துடைத்துவிட வேண்டுமா? இந்தக் கலையின் பள்ளிகள் பிரிவது இந்தக் கேள்வியில்தான்.

கொண்டுவந்தே தீர வேண்டும் என்பது செவ்ரலேயின் கார்வெட் கார் அன்பர்களின் பள்ளி. 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் அதற்கு இலக்கணம் வகுத்தது. ஆலையிலிருந்து வழக்கமாக எப்படி வெளிவந்ததோ அதுவே அவர்களின் அளவுகோல். நூற்றுக்கு 94 அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் 'டாப் ஃபிளைட்' விருது. ஆலையைவிட அழகாகச் செய்த வேலைக்கும் இங்கே மதிப்பெண் குறையும். கண்ணாடி போல மின்னும் இன்ஜினைக் கண்டதும் நடுவர் மகிழமாட்டார், புருவத்தைத்தான் உயர்த்துவார். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். அந்தத் தெறிப்பு, பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கைவீச்சு. அதை அழித்துவிட்டு அவர் செய்த இன்ஜின் இது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எதிர்ப்பக்கத்தில் பளபளப்புப் பள்ளி இருக்கிறது. வார்ப்பின் சொரசொரப்பைத் தேய்த்து, பல பூச்சு ஏற்றி, ஒவ்வொரு குழாயையும் மெருகேற்றுவார்கள். உழைப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் ஆலை அறியாத ஒரு இன்ஜினைத்தான் அந்த உழைப்பு படைக்கிறது. இரண்டுக்கும் வெளியே நிற்பவர்கள், தொடவே கூடாது என்பவர்கள். 1950-இல் பிறந்த பெபிள் பீச் கார் அழகுப் போட்டியே 2001-இல் புதுப்பிக்காத கார்களுக்குத் தனிப்பிரிவு திறந்த பிறகு, இவர்கள் குரலுக்கு வலு கூடியது.

நிறத்தைப் பொறுத்தவரை நினைவை நம்பக் கூடாது. 1965 மஸ்டாங்கின் 289 இன்ஜின் கறுப்பு, அதன் வால்வு கவர் தங்க நிறம். மறு ஆண்டிலேயே ஃபோர்டு எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டது. செவ்ரலேயின் ஆரஞ்சு 1976-ஓடு முடிந்து, 1977-இல் நீலம் வந்தது. ஜாகுவாரில் நிறமே ஒரு மொழி. எக்ஸ்கே 140 காரில் சிவப்பு சிலிண்டர் ஹெட்டைப் பார்த்தால் அது சி-டைப் ஹெட் என்று பொருள். மார்க் 2 காரில் 3.4 லிட்டருக்கு வெளிர்நீலம், 3.8-க்கு அடர்நீலம். ஆரம்பகால இ-டைப்புக்குப் பொன்னிறம். அங்கே தவறான நிறம் பூசுவது பொய்ப் பெயர்ப்பலகை மாட்டுவதற்குச் சமம்.

சரி, அசல் சாயலை எங்கே தேடுவது? கடையில் 'செவ்ரலே ஆரஞ்சு' என்று விற்கும் டப்பாக்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று சிவப்பாகச் சாயும், ஒன்று மஞ்சளாக. பதில் இன்ஜினிலேயே ஒளிந்திருக்கிறது. கார்வெட்டின் இன்ஜின் பெயின்ட் அடித்த பிறகே இன்ஜின் ஆலையிலிருந்து செயின்ட் லூயிஸ் கார் ஆலைக்குப் போனது. 1954 முதல் 1981 வரை கார்வெட் உருவானது அங்கேதான். இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் பிராக்கெட்டுகளை மாட்டியது அதற்கப்புறம். ஆகவே பிராக்கெட்டைக் கழற்றினால் அடியில் வெயிலும் எண்ணெயும் படாத ஒரு துண்டு ஆரஞ்சு கிடைக்கும். மெல்லக் கழுவி, பகல் வெளிச்சத்தில் அதை வைத்துத்தான் கலவையை ஒப்பிட வேண்டும். குழல்விளக்கு ஆரஞ்சை ஏமாற்றிக் காட்டும்.

பூசும் வேலையில் பாதி கழுவும் வேலைதான். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கும். அதை எடுக்காமல் அடித்தால் முதல் சூட்டிலேயே பெயின்ட் உரியும். இன்றைய இன்ஜின் எனாமல் சுமார் 260 டிகிரி செல்சியஸ் தாங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைத் தாண்டிப் போகும் என்பதால் அதற்கு வார்ப்பிரும்பு நிறத்தில் தனிப்பூச்சு அடிப்பார்கள். கண்டிப்பான சிலரோ அதன் மேலும் கொஞ்சம் ஆரஞ்சைத் தெறிக்கவிட்டு, அது கருகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

புதிய பெயின்ட் அடிக்கும் முன், பிராக்கெட்டுக்கு அடியில் கண்ட அந்தப் பழைய துண்டை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். அடித்து முடித்ததும் டேப்பை உரித்து, அதன் மேலேயே பிராக்கெட்டை மாட்டிவிடலாம். இன்னும் முப்பது வருடம் கழித்து இதே இன்ஜினைப் பிரிப்பவர் நிறம் பார்க்க அங்கேதான் வருவார்.