நூறு வருடப் பனியில் உருளைக்கிழங்கு

"மந்திரக் கதையில் என்ன லாஜிக் வேண்டிக்கிடக்கிறது?" சிறார் இலக்கியக் கூட்டங்களில் இப்போதெல்லாம் இது கேள்வியாக வருவதில்லை, தீர்ப்பாகவே வருகிறது. பிள்ளைகள் தடித்தடிப் புத்தகங்களாகப் படிக்கிறார்களே, அது போதாதா என்று அதற்கு ஒரு வால் வேறு. மோசமாக எழுதப்பட்ட ஃபேன்டஸி நாவல்களுக்கு இதைவிட வசதியான ஜாமீன் கிடையாது. ஆங்கிலச் சிறார் ஃபேன்டஸியைப் புரட்டிப் பார்த்தால் தெரிவதோ நேர்மாறு. மந்திரம் கூடக்கூடக் கணக்கு கறாராக இருந்தாக வேண்டும். கணக்கு உதைத்தால் முதலில் சிரிப்பது குழந்தைதான்.

இ. நெஸ்பிட்டுக்கு இது 1902லேயே தெரியும். 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' நாவலின் மணல்பூதம் நாளைக்கு ஒரு வரம் தரும். பொழுது சாய்ந்தால் அது கலைந்துவிடும். பிள்ளைகள் பேரழகு கேட்கிறார்கள், கிடைக்கிறது. ஆனால் அடையாளம் தெரியாததால் வேலைக்காரி வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். மத்தியானச் சாப்பாடு போச்சு. பள்ளம் நிறையத் தங்கக் காசு கேட்கிறார்கள். வந்ததெல்லாம் புழக்கத்தில் இல்லாத பழங்காசு, கடையில் செல்லவில்லை. இங்கே ஒவ்வொரு சிரிப்பும் நெஸ்பிட் கணக்குப் போட்டு வைத்தது.

சி. எஸ். லூயிஸ் இந்தக் கறாரைத் தளர்த்தினார். 1950இல் தொடங்கிய நார்னியாவில் நூறு வருடமாகப் பனிக்காலம். பீவர் தம்பதி வீட்டு விருந்திலோ மீனோடு உருளைக்கிழங்கு, வெண்ணெய், பால், மார்மலேட் வைத்த இனிப்புச் சுருள். உறைந்த குளத்தில் ஓட்டை வழியே மீன் பிடிப்பதைக் காட்டுகிற லூயிஸ், உருளைக்கிழங்கு எந்த வயலில் விளைந்தது என்று மூச்சுவிடுவதில்லை. சூனியக்காரிக்குத் தப்பி ஓடுகிற நேரத்தில் பீவரம்மாவுக்குத் தையல் மெஷினை விட்டுப்போக மனமில்லை. இந்தக் கதம்பம் அவருடைய நண்பர் டோல்கியனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் வாசகர் லூயிஸைக் கேலி செய்வதில்லை, சொல்கிற குரலில் அலட்டல் இல்லாததால். பிழை தனியாக நின்றால் வெறும் பிழை. அதற்குக் கிரீடம் சூட்டி எக்காளம் ஊதும்போதுதான் காமெடியாகிறது.

அந்த எக்காளத்தை உர்சுலா லெ குவின் 1973இல் ஒரு கட்டுரையில் பிடித்துக்காட்டினார். வெளிவந்த ஒரு ஃபேன்டஸி நாவலின் உரையாடலை எடுத்துச் சில பெயர்களை மட்டும் மாற்றினார். அது வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசிக்கொள்வதாகிவிட்டது. மாயலோகம் உடுப்போடு நின்றுவிட்டது, வாக்கியத்துக்குள் வரவில்லை.

இனி வருவது எனக்கு எரிச்சலூட்டும் காலம். ஹாரி பாட்டர் முதல் பாகம் 1997இல் பிரிட்டனில் 223 பக்கம். 2003இல் ஐந்தாம் பாகம் 766 பக்கம். ரவுலிங்கின் ஆரம்ப நாவல்களில் நகைச்சுவை விழித்துக்கொண்டு காவல் நின்றது. ஆனால் 1999இல் மூன்றாம் பாகத்தில், கூடுதல் வகுப்புகளுக்குப் போவதற்காக ஒரு மாணவிக்குக் காலத்தைத் திருப்பும் கருவியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அப்படியொன்று கையிலிருந்தால் அப்புறம் எந்தச் சாவையும் தடுக்கலாமே? இந்தக் கேள்விக்குத் தப்பவோ என்னவோ, ஐந்தாம் பாகத்தில் மந்திர அமைச்சகத்திலிருந்த அந்தக் கருவிகள் அலமாரியோடு நொறுங்குகின்றன. நாலாம் பாகத்திலோ, கொலைகாரனின் மந்திரக்கோலிலிருந்து பலியானவர்கள் பின்னிருந்து முன்னாக வெளிவர வேண்டிய கட்டத்தில் ஹாரியின் அப்பாவும் அம்மாவும் வரிசை மாறி வந்தார்கள்; பிந்தைய அச்சுகளில் திருத்தினார்கள். விற்பனை ஏறினால் பிரதியில் கைவைக்க எடிட்டருக்குத் துணிச்சல் இறங்கிவிடும் போலும்.

பின்னாலேயே வந்தது 'எரகான்' அலை. கிறிஸ்டோபர் பாவ்லினி 15 வயதில் எழுதத் தொடங்கியது. 2002இல் குடும்பமே அச்சிட்டது. இடைக்கால உடுப்பில் பள்ளி பள்ளியாகப் போய் அவர் விற்றது. 2003இல் நாஃப் பதிப்பகம் வாங்கி வெளியிட்டது. மாமா வீட்டில் வளரும் பண்ணைப் பையன், கொல்லப்படும் மாமா, ரகசியத்தை மறைக்கும் கிழவர், சிறைப்பட்ட இளவரசி. டிராகனைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 'ஸ்டார் வார்ஸ்'. ஆனால் பையனைக் கேலி செய்வது அநியாயம். மந்திரம் போட்டால் உடம்பின் வலு செலவாகும் என்ற உருப்படியான விதி அவரிடம் இருந்தது. ஆசிரியரின் வயதையே விளம்பரமாக்கிய வியாபாரம்தான் எனக்குக் கசக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்த விதியை விட்டுவிட்டு, பெயர் நடுவே கொக்கி (அபாஸ்ட்ரஃபி) போடுவதையும் தீர்க்கதரிசனங்களையும் வாரிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் மருந்து முன்பே தயாராக இருந்தது. டயானா வின் ஜோன்ஸ் (1934–2011) ஆக்ஸ்ஃபோர்டில் லூயிஸ், டோல்கியன் இருவரின் விரிவுரைகளையும் கேட்டவர். நம்மில் பலருக்கு அவர் மியாசாகி படமாக்கிய 'ஹவுல்' கதைக்காரி மட்டுமே. 1996இல் ஃபேன்டஸி தேசத்துக்கு ஒரு சுற்றுலாக் கையேடு எழுதினார். அங்கே எந்த வேளையும் சாப்பாடு ஸ்ட்யூதான். இறைச்சியை வாட்டித் தின்பதைவிட அதற்கு 40 மடங்கு நேரம் பிடிக்குமே என்று கணக்குக் கேட்கிறார். நாள் முழுக்க ஓடியும் களைக்காத குதிரைகள் மகரந்தச் சேர்க்கையில்தான் பெருகுகின்றனவோ என்று சந்தேகப்படுகிறார். 1998இல் 'டார்க் லார்ட் ஆஃப் டெர்க்ஹோம்' நாவலில் அந்தக் கிண்டலையே கதையாக்கினார். வெளியுலகச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓர் அப்பாவி மந்திரவாதி இருட்டுப் பிரபு வேஷம் கட்ட நேர்கிறது. வீட்டைக் கோட்டையாக்க வேண்டும், வந்திறங்கும் படைக்குச் சோறு போட வேண்டும். நாவல் வேடிக்கையாக இருப்பதும் கனமாக இருப்பதும் இந்தக் கவலையால்தான். சுரண்டலின் கதை அடுப்படி வழியாகவே உள்ளே வருகிறது.

நெஸ்பிட்டிலிருந்து ஜோன்ஸ் வரை வரும் இந்தச் சிரிக்கத் தெரிந்த மரபுதான் ஆங்கிலச் சிறார் ஃபேன்டஸியின் முதுகெலும்பு. எக்காள மரபு அதில் விளைந்த தொப்பை. தமிழில் ஒரு ஹாரி பாட்டர் வேண்டும் என்று தவிக்கும் பதிப்பாளர்கள், அச்சுக்கு முன் பிரதியை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, எங்கெங்கே சிரிப்பு வந்தது என்று பென்சிலால் குறித்து வாங்கட்டும். எழுதியவர் சிரிக்கவைக்க நினைத்த இடங்களோடு அந்தக் குறிகள் பொருந்தவில்லையென்றால், பிரதியை எழுதியவரிடமே திருப்பி அனுப்பட்டும்.