கொசு ஒன்றன்று

தமிழ்ப் பள்ளிகளில் சுகாதாரப் பாடம் நடக்கும்போது வாய்ப்பாடு போல் ஒலித்து வரும் வாக்கியம் ஒன்று உண்டு. தேங்கிக் கிடக்கும் அழுக்கு நீரில் கொசு உண்டாகிறது; கொசுவால் மலேரியாக் காய்ச்சல் வருகிறது என்பதே அது. ஆசிரியர் சொல்லுவார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவர், தேர்விலும் எழுதி மதிப்பெண் பெறுவர். வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. பொருட்பிழை உண்டு. அப்பிழையும், ரவாங்கிற்கு வடக்கே செரண்டா செல்லும் வழியில் உள்ள சுங்கை சோ போன்ற மலையடி ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சிறு பிழையாகாது. அவ்வட்டாரம் போன்ற மலைச்சாரல்களில் தோட்டங்கள் தோன்றிய நாளில் தொழிலாளரை வாட்டி மாய்த்த கொசு, வெயில் படும் தெளிந்த நீரில், மெல்லக் கசிந்தோடும் ஓடைக்கரையில் பிறந்தது. அழுக்கும் தேக்கமும் அதற்கு ஆகா.

இவ்வாறு ஒரு வாக்கியம் நூறாண்டுக்கு மேல் திருந்தாமல் நிற்பதற்குக் காரணம் என்ன? ஆராய்ச்சி நடக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. உலகில் எங்கும் நடவாத அளவுக்கு இச்சிலாங்கூர் மாநிலத்திலேயே அவ்வாராய்ச்சி நடந்தது. குறை தமிழில் எழுதுவோரிடத்தில் உள்ளது. ஆராய்ச்சியின் உயிர்நிலையான ஒரு செய்தியை, அதாவது கொசு ஒரே இனமன்று என்பதை, தமிழ் எழுத்து இன்னும் தன்வயப்படுத்திக் கொள்ளவில்லை.

தமிழுக்கு வகை பிரித்துப் பெயரிடும் ஆற்றல் இல்லையா? மலர்தோறும் சென்று தேனுண்ணும் உயிருக்கு வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு எனப் பெயர் பல வைத்து, அவற்றுள் வேறுபாடும் கூறிச் சென்றனர் பழைய உரையாசிரியர்கள். காய்ச்சலிலும் அப்படியே. முறைக்காய்ச்சல், நாலாமுறைக்காய்ச்சல் என நாள் எண்ணிப் பிரித்தது தமிழ் மருத்துவம். கொசுவுக்கும் கொதுகு, நுளம்பு, உலங்கு என்ற சொற்கள் அகராதியில் கிடக்கின்றன. இலங்கைத் தமிழர் கடிக்கும் இனத்தை நுளம்பு என்றும், கண்ணருகே மொய்க்கும் சிறு பூச்சியைக் கொசு என்றும் இன்றளவும் பிரித்தே வழங்குகின்றனர். ஆனால் பாடநூல் நடையில் அனைத்தும் கொசுவென்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. தேன் தேடும் உயிருக்குக் காட்டிய நுணுக்கத்தை உயிர் குடிக்கும் உயிருக்குக் காட்டாமற் போனது வியப்புக்குரியதே.

இனி ஆராய்ச்சி வரலாற்றைக் காண்போர்க்கு உண்மை விளங்கும். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் ரோனால்டு ராஸ் கண்டார். பின்னர் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அவர் கண்டதைக் களத்தில் இறக்கிப் பார்த்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் டாக்டர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தபோது நகரமே காய்ச்சலில் கிடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கம் எண்ணுமளவுக்கு நோய் மிகுந்தது. வாட்சன் காட்டை வெட்டி, சதுப்பில் அல்லூர் தோண்டி நீரை வடிக்கச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மலேரியாவால் மருத்துவமனை சேர்ந்தனர்; 1905-இல் அத்தொகை 23 ஆயிற்று.

கடற்கரைச் சமவெளியின் கொசுவுக்கு அனாபிலிஸ் அம்புரோசஸ் என்று பெயர். இலத்தீனில் அச்சொல் நிழலுக்குரியது என்று பொருள்படும். காட்டு மரநிழலில், மக்கிய இலை ஊறிக் கறுத்த, அசையாத நீரில் அது முட்டையிடும். மரத்தை வெட்டினால் நிழல் போகும். அல்லூர் வெட்டினால் நீர் போகும். இரண்டும் போகவே கொசுவும் போயிற்று. கோலசிலாங்கூர்க் கரையோரத்துத் தாழ்நிலங்களுக்கும் இதே முறை பொருந்தும். பள்ளி வாக்கியத்தின் பாதி இக்கடற்கரைக்கு உரிய செய்தியே.

கடற்கரையில் கண்ட வெற்றியை மலையடிக்கும் கொண்டு சென்றபோதுதான் கதை மாறியது. சாரல் தோட்டங்களிலும் காட்டை அழித்தனர். பள்ளத்தாக்கின் ஓடைகளைச் செப்பனிட்டு நீரை ஓட விட்டனர். காய்ச்சல் குறையவில்லை. காடு மூடிய பள்ளத்தை அடுத்திருந்த லயங்களில் நலமும், காடழிந்து வெயில் விழுந்த ஓடையை அடுத்திருந்த லயங்களில் நோயும் இருப்பதை வாட்சன் கண்டார். அங்கே வாழ்ந்தது வேறொரு கொசு. இன்று அனாபிலிஸ் மேக்குலேட்டஸ் என வழங்கும் அதன் பெயர்க்குப் புள்ளியுடையது என்று பொருள். நிழல் அதற்குப் பகை. வெயிலும் தெளிந்த ஓடுநீரும் அதற்குத் தாய்வீடு. கடற்கரையில் உயிர் காத்த அதே மண்வெட்டி மலையடியில் உயிர் வாங்கியது. குடிநீருக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஓடையருகே லயம் கட்டிய வழக்கமும் இதற்குத் துணை போயிற்று.

பிறகே மலைநிலத்துக்குத் தனி முறை வகுத்தனர். மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடையை மறைத்தனர். அது பெருஞ்செலவு. ஆதலின் 1914 முதல் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் வழக்கம் பரவிற்று. எண்ணெய்க் கலத்தை முதுகில் சுமந்து அல்லூர் அல்லூராய் நடந்தவரும் தோட்டத் தொழிலாளரே. எல்லாக் கொசுவையும் துரத்துவதை விட்டு, அந்தந்த இடத்தில் நோய் பரப்பும் ஓரினத்தை மட்டும் அறிந்து, அதன் வாழ்விடத்தை மாற்றும் இம்முறைக்கு இனவாரிச் சுகாதாரம் என்று பெயர் தந்தவர் ஹாலந்து அறிஞர் சுவெல்லன்கிரெபெல். 1913-இல் மலாயாவுக்கு வந்து வாட்சனின் வேலையை நேரிற் பார்த்தவர் அவர்.

வாட்சன் தம் அனுபவத்தை 1911-இல் நூலாக்கினார். 1921-இல் இருபதாண்டு வரலாறாக விரித்தெழுதினார். அந்நூலின் சிறப்பு, தோல்வியையும் மறையாது எழுதியமை. கடற்கரை முறை மலையில் பலிக்கவில்லை என்பதை ஒளித்திருந்தால் நூல் இன்னும் மினுக்காக இருந்திருக்கும், பயன் இராது. எனினும் அதில் ஒரு குறையும் உண்டு. கொசு ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பெயர் தரும் அந்நூலில் தமிழ்த் தொழிலாளர் எண்ணாகவே வருகின்றனர். லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடுவது அக்கால அளவுமுறை. பிள்ளைகளின் வீங்கிய வயிறே அறிஞர்க்கு அளவுகோலாயிற்று. அந்தக் கணக்கு இல்லையேல் எந்தத் தோட்டத்தில் நோய் மிகுதி என்பது தெரிந்திராது என்பதும் உண்மை. ஆகவே மருத்துவரைப் பழிப்பது நோக்கமன்று. அவர் எழுதாமல் விட்ட பக்கத்தைத் தமிழர் எழுதியிருக்க வேண்டும் என்பதே சொல்ல வேண்டியது. தோட்ட வாழ்வைச் சொல்லும் தமிழ்ப் பாட்டிலும் கதையிலும் காய்ச்சல் பெரும்பாலும் தலைவிதியாக வந்து போகிறது. கொயினாவின் கசப்பு வரும், ஒப்பாரி வரும், லயத்தின் கீழே வெயிலில் மின்னிய ஓடை மட்டும் வராது.

பிற தமிழ் நிலங்களை நோக்கினாலும் பள்ளி வாக்கியம் தேறாது. இலங்கையில் 1934–35-இல் பெருங்காய்ச்சல் பரவி ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வாண்டு மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி மணற்படுகையில் தெளிந்த குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனாபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் இனம் பெருகியது. தேக்கம் உண்டு, அழுக்கு இல்லை. மழை மிகுந்தால் காய்ச்சல் என்று நம்பியிருந்த ஈர நாட்டில் வறட்சியே காய்ச்சலைக் கொணர்ந்தது. சென்னை நகரில் மலேரியா பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. அது வீட்டுக் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்வது. மக்கள் குடிக்கும் நீரே அதற்கு வீடு. சாக்கடை நீரை விரும்பும் கியூலெக்ஸ் இனம் யானைக்கால் நோய் முதலியவற்றுக்குக் காரணமாவது. அதன் குணத்தை எடுத்து மலேரியாக் கொசுவின் தலையில் வைத்துவிட்டது பள்ளி வாக்கியம்.

பெயரிடுவதில் தமிழ்ப் பெயருடையோருக்குப் பங்கில்லை என்று எண்ணவும் வேண்டுவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியற் பேராசிரியராக விளங்கிய ஏ. ஏ. சந்தோஷம், 1959-இல் மலாயா மலேரியாவைப் பற்றிப் பெருநூல் இயற்றியவர். கடற்கரைக் கொசுக்களுள் அம்புரோசஸோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட ஓரினத்துக்கு 1944-இல் லெட்டிபர் என்று பெயரிட்டவர் அவரே. விலங்கியல் முறைப்படி இனப்பெயரின் பின்னே பெயரிட்டவர் பெயரும் எழுதப்படும். லெட்டிபர் என்பதற்குச் சாவைக் கொணர்வது என்று பொருள். சாவைக் கொணர்வதன் பக்கத்தில் சந்தோஷம் என்ற தமிழ்ப் பெயர் உலக நூல்களிலெல்லாம் நிற்கிறது!

அவ்வாறு பிரித்ததன் பயன் 1960-களில் மேலும் தெளிவாயிற்று. அம்புரோசஸின் உடலில் கண்ட மலேரியாக் கிருமிகளுட் பல சருகுமானுக்கு உரியவை, மனிதனுக்கு உரியவையல்ல என்று ஆராய்ச்சியாளர் காட்டினர். கொசுவில் கிருமி இருப்பதனாலேயே அது மனிதரைக் கொல்லும் கொசுவாகிவிடாது என்பது அப்போது விளங்கிற்று. காட்டில் என்ன விலங்கு வாழ்கிறது என்று அறியாத மருத்துவம் பாதி மருத்துவமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கொசுவை ஒன்றெனக் கொண்ட பிழை போலவே கிருமியை ஒன்றெனக் கொண்ட பிழையும் நிகழ்ந்தது. நீண்டவால் குரங்கின் இரத்தத்தில் வாழும் நோலெசி என்னும் கிருமி மனிதரையும் பற்றக்கூடும் என்பதை 1932-இல் கல்கத்தாவில் நோலஸ், தாஸ் குப்தா என்ற இருவர் சோதனையால் காட்டினர். 1965-இல் பகாங் காட்டில் சில நாள் தங்கிய அமெரிக்கர் ஒருவருக்கு அது இயற்கையாகவே தொற்றியதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அவ்வட்டார மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தும் கிடைக்காமையால், அரிய செய்தி என்று ஏட்டில் ஒதுக்கப்பட்டது. நாற்பதாண்டு கழித்து, சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் காப்பிட் பகுதி நோயாளர் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் ஆராய்ந்து, 120 பேருக்கு இருந்தது இக்குரங்குக் கிருமியே என 2004-இல் வெளியிட்டனர். நுண்பெருக்கி வழியே பார்த்தவர்கள் அதை நாலாமுறைக்காய்ச்சலின் கிருமி என்றே குறித்து வந்தனர். உருவம் அவ்வளவு ஒத்திருக்கும். ஆனால் நாலாமுறைக்காய்ச்சல் பெரும்பாலும் உயிருக்கு உலை வைப்பதில்லை. நோலெசியோ 24 மணி நேரத்துக்கொரு முறை பெருகி விரைவில் ஆளைக் கொல்ல வல்லது. பெயர் தவறினால் மருந்திலும் விழிப்பிலும் தவறு நேரும்.

இது தொலைதூரச் சரவாக்கின் செய்தி என்று சுங்கை சோவில் இருப்போர் கருதுதல் கூடாது. அவர்தம் மாவட்டமான உலு சிலாங்கூரிலேயே 2009 முதல் 2013 வரை இத்தகைய நோயாளர் 100 பேரின் பதிவுகளை, மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இந்திரா வைத்திலிங்கமும் உடனாய்வாளரும் ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டனர். நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேளாண்மையிலும் காட்டு வேலையிலும் ஈடுபட்டோர். மூன்றில் இருவர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். எவரும் இறக்கவில்லை. நோய் கண்ட இடங்களில் பிடித்த கொசுக்கள் 535; இனங்கள் 14. அவற்றுட் பாதிக்குக் கிட்டத்தட்ட வாட்சனின் பழைய பகையான மேக்குலேட்டஸ். சந்தோஷம் பெயரிட்ட லெட்டிபரும் இருந்தது. எண்ணிக்கையைக் கண்டு தீர்ப்புச் சொல்பவர் மேக்குலேட்டஸையே குற்றவாளி என்பார். ஆனால் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கிருமியின் வளர்நிலை காணப்பட்டது இன்ட்ரோலேட்டஸ் என்னும் காட்டுக் கொசுவில் மட்டுமே; பிடித்தவற்றுள் அது எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இக்கட்டுரையில் தமிழ் எழுத்தாளர் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அது நடை. கிருமி கண்ட கொசு கிடைத்த இடமும் நோய் மிகுந்த இடமும் ஒன்றியிருந்தும், இதுவே நோய் பரப்பும் கொசு என்று அடித்துச் சொல்லாமல், அவ்வாறு கொள்ளும் கருத்து இதனால் வலுப்பெறுகிறது என்ற அளவில் நிறுத்தினர். கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வது ஒரு படி. உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடிவாயில் இறங்குவது அடுத்த படி. கண்டது எந்தப் படி என்று அறிந்தே எழுதினர். இதையே தமிழ்ச் செய்தித்தாளில் பெயர்ப்போர் மலேரியாக் கொசு கண்டுபிடிப்பு என்று தலைப்பிட்டுவிடுவர். இன்னொரு சாரார், இவையெல்லாம் முன்னோர் ஓலையில் அன்றே எழுதியவை என்பர். முன்னவர் ஆராய்ச்சியைப் பெரிதாக்கிப் பொய்யாக்குவர். பின்னவர் ஆராய்ச்சியே வேண்டாமென்பர். கற்பிக்கும் ஆசிரியருக்கு இருவராலும் உதவியில்லை.

மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றியதாக 2018-இல் ஒருவர்கூடப் பதிவாகவில்லை. பெருமைக்குரிய செய்தியே. அதே ஆண்டில் குரங்கு மலேரியா கண்டோர் 4,000-க்கு மேல். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் தமிழர் இருந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் இருக்கின்றனர். காட்டோரம் குறுகக் குறுகக் குரங்கும் மனிதரும் நெருங்குகின்றனர். காட்டோரத்தில் அந்திக்குப்பின் கடிக்கும் கொசுவுக்கு அல்லூரைக் கழுவி வைப்பதால் ஆவதொன்றுமில்லை.

ஆகவே பள்ளி வாக்கியத்தைத் திருத்துவோர் முதலில் பெயர்களைத் திருத்த வேண்டும். அம்புரோசஸை நிழற்கொசு என்றும், மேக்குலேட்டஸைப் புள்ளிக்கொசு அல்லது ஓடைக்கொசு என்றும் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இலத்தீன் பொருளும் கெடாது. ஸ்டீபன்சிக்குக் கிணற்றுக்கொசு பொருந்தும். இன்ட்ரோலேட்டஸுக்குக் காட்டுக்கொசு எனலாமா என்பது ஆராயத் தக்கது; காட்டில் வாழும் கொசு வேறு பலவும் உண்டாதலின் அச்சொல் மீண்டும் பழைய மயக்கத்துக்கே இடந்தரும். இதற்கு ஏற்ற சொல்லைத் தமிழாசிரியர்களும் விலங்கியல் அறிந்தோரும் ஓரிடத்தில் அமர்ந்து தேட வேண்டியிருக்கிறது.