நகர நிலத்தோற்றக் கலை: மரபுகளும் அளவுகோல்களும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பேக் பே ஃபென்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. 1870களில் அந்த இடம் நாற்றமெடுத்த சேற்றுப் பரப்பு. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும். வடியும்போது நகரத்துச் சாக்கடை சேற்றில் தங்கிவிடும். மழை பெய்தால் மடி ஆறும் ஸ்டோனி புரூக் ஓடையும் சேர்ந்து கரையோரத் தெருக்களை மூழ்கடிக்கும். 1878இல் பூங்கா ஆணையம் ஒரு போட்டி நடத்திப் பரிசும் கொடுத்தது. ஆனால் பரிசு பெற்ற திட்டத்தைக் கைவிட்டுப் பொறுப்பை நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெடிடம் ஒப்படைத்தார்கள். அவர் நகரப் பொறியாளர்களோடு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். சாக்கடையைத் தனிக் குழாயில் திருப்பினார்கள். கடல்நீர் அளவோடு வந்துபோக ஒரு மதகு வைத்தார்கள். வெள்ளம் வந்தால் பரந்து நிற்க அகலமான படுகை வெட்டி, உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் புற்களை அதன் ஓரங்களில் நட்டார்கள். பார்த்தவர்களுக்குப் பழைய உவர்நிலம் அப்படியே மிஞ்சியதுபோல் தெரிந்தது. உண்மையில் அத்தனையும் வெட்டியும் நிரப்பியும் மனிதர் செய்தது.

நகர நிலத்தை அமைக்கும் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாணியைப் பேசுகிறார்கள்: நேர்கோடா வளைகோடா, செதுக்கிய புதரா விட்டுவைத்த காடா என்று. எனக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் பெரிதாகப் படுகின்றன. அந்த நிலத்தில் விழும் நீர் எங்கே போகிறது? அங்கே முன்பு இருந்தவர்கள் எங்கே போனார்கள்? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே வரலாற்றைப் படித்தால், பாடநூல்களில் உயரத்தில் இருக்கும் சில பெயர்கள் இறங்கிவிடுகின்றன. ஓரத்தில் கிடந்த சில பணிகள் நடுவுக்கு வருகின்றன.

பிரெஞ்சு மரபின் உச்சம் வெர்சாய். ஆந்த்ரே லெ நோத்ர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த அந்தத் தோட்டத்தின் அச்சுக்கோடுகள் பிற்காலத்தில் பல தலைநகரங்களின் வீதிகளுக்கு இலக்கணமாயின. ஆனால் அங்கிருந்த நீரூற்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தண்ணீர் போதவில்லை. சேன் ஆற்றிலிருந்து நீரேற்ற 1684இல் மார்லியில் 14 சக்கரங்கள் கொண்ட மாபெரும் இயந்திரம் எழுந்தது, அப்போதும் பற்றவில்லை. அரசர் நடந்துவரும் பாதையில் ஒவ்வொரு ஊற்றாகத் திறந்து மூடினார்கள். கண்ணுக்கு விருந்தானாலும் நிலத்தின் இயல்புக்கு எதிரான வேலை அது. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேப்பபிலிட்டி பிரவுன் நேர்கோட்டைத் துறந்து, ஓடைகளை மறித்து ஏரிகளாக்கி, மேடுகளைத் தடவிவிட்டதுபோல் மென்மையாக்கினார். இயற்கையின் பெயரால் நடந்த அந்த மரபிலும் ஒரு கறை உண்டு. மில்டன் ஆபி மாளிகையின் பார்வையை மறைக்கிறது என்று ஒரு சிற்றூரையே பெயர்த்து, பள்ளத்தாக்கில் வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். அந்தப் பணியிலும் பிரவுனுக்குப் பங்கு உண்டு.

பிரபுக்களின் வேலிக்குள் இருந்த இந்தக் கலையை நகர மக்களுக்குத் திறந்துவிட்டது 19ஆம் நூற்றாண்டு. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பொதுப்பணத்தில் ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த பிர்கன்ஹெட் பூங்கா 1847இல் திறக்கப்பட்டது. 1850இல் அதைச் சுற்றிப் பார்த்த ஓம்ஸ்டெட், எளிய மக்களும் செல்வரோடு சமமாக அங்கே உலாவுவதைக் கண்டு வியந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அவரும் கால்வெர்ட் வாக்ஸும் சேர்ந்து வரைந்த திட்டம் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவுக்குத் தேர்வானது. இன்று அதன் பரப்பு 843 ஏக்கர். குறுக்கே போகும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, நடப்பவர் கண்ணில் வண்டி படாதபடி செய்தது அந்தத் திட்டத்தின் மேதைமை. சதுப்பாகக் கிடந்த நிலத்தின் அடியில் பல மைல் நீளத்துக்கு வடிகுழாய்கள் பதித்தார்கள். அதே நிலத்தில் செனிக்கா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த ஊர். 1857க்குள் அது முற்றிலும் அகற்றப்பட்டது. பூங்காவின் பெருமையைச் சொல்லும் எந்தக் கட்டுரையும் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

பாஸ்டன் கதையின் பிற்பகுதியும் இந்தத் துறைக்கு ஒரு பாடம். ஃபென்ஸின் நீர் சேரும் சார்ல்ஸ் ஆற்றின் முகத்தில் 1910இல் அணை கட்டியதும் கடல்நீர் நின்றது. ஓம்ஸ்டெட் நட்ட உவர்ப்புற்கள் அழிந்தன. காலப்போக்கில் நாணல் அடைத்துக்கொண்டது. பின்னர் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மடி ஆற்றின் ஒரு பகுதியைக் குழாய்க்குள் புதைத்தார்கள். 1996 அக்டோபர் மழையில் அந்த ஆறு பெருகிச் சுரங்க ரயில் நிலையத்துக்குள் புகுந்தது. புதைத்த பகுதியைத் தோண்டி மறுபடி ஆறாக்கும் வேலை 2010களில் நடந்தது. ஒரு பூங்கா சிறப்பாக அமைந்தால் மட்டும் போதாது. அதன் நீர்வழியை மேலேயும் கீழேயும் மாற்றாமல் காக்கும் நிர்வாகமும் வேண்டும்.

இந்தத் துறைக்கு 1899இல் அமெரிக்காவில் தொழில்முறைச் சங்கமும், 1900இல் ஹார்வர்டில் பட்டப்படிப்பும், 1948இல் உலகக் கூட்டமைப்பும் வந்தன. நவீனத்துவர் காலத்தில் பிரேசிலின் ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ் தம் நாட்டுச் செடிகளைத் தேடித் திரட்டி நகருக்குக் கொண்டுவந்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மற்றவர்கள் பலரும் கட்டடத்துக்கு விரிப்புப் போட்டதோடு சரி.

திருப்பம் வந்தது 1969இல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இயன் மெக்ஹார்க், இயற்கையோடு இயைந்து வடிவமைப்பது பற்றிய தம் நூலில் ஒரு முறையை வகுத்தார். மண், சரிவு, நீர்ப்பிடிப்பு, காடு, வரலாறு ஒவ்வொன்றுக்கும் ஒளி ஊடுருவும் தாளில் தனித்தனி வரைபடம். எதைத் தொடக்கூடாதோ அதற்கு அடர்ந்த நிறம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வெளிறித் தெரியும் இடத்தில்தான் சாலை போகலாம். இன்றைய கணினி வரைபட முறைகளுக்கு அது முன்னோடி. எங்கே கட்டக்கூடாது என்று சொல்லும் துணிவை இந்தத் துறைக்குக் கொடுத்தவர் அவர்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் 1985இல் மூடப்பட்ட இரும்பு ஆலையை வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் இடிக்கவில்லை. ஊதுலைகளை அப்படியே நிறுத்தி, பழைய கழிவுநீர்க் கால்வாயில் மழைநீரை ஓடவிட்டு, பூங்காவாக்கினார். ஆலையில் உழைத்தவர்களின் நினைவுக்கும் அங்கே இடம் கிடைத்தது. நியூயார்க்கில் கைவிடப்பட்ட ரயில் மேம்பாலத்தின்மேல் 2009இல் திறந்த ஹை லைன் அழகானது, உலகம் முழுக்கப் பார்த்துப் பின்பற்றப்பட்டது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் நில விலையும் வாடகையும் ஏறின. என் இரண்டாவது கேள்வி அங்கே மீண்டும் எழுகிறது.

சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்காவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக, வேலிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது. 2012க்குள் அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக மாற்றினார்கள். 62 ஹெக்டேர் பூங்காவும் அதன் வெள்ளச் சமவெளியானது. கரை மண் சரியாமலிருக்க எந்தச் செடி, எந்தக் கட்டு உதவும் என்று முதலில் ஒரு சிறு நீளத்தில் சோதித்துப் பார்த்த பிறகே முழு ஆற்றில் கைவைத்தார்கள். பெயர்த்த கான்கிரீட்டைக் குவித்து ஒரு குன்றும் ஆக்கினார்கள். வெயில் நாளில் குழந்தைகள் ஓடைக்குள் இறங்கி விளையாடலாம். மழை வரும்போது நீர்மட்டமானிகள் உணர்த்த, எச்சரிக்கை ஒலி கிளம்பும், மக்கள் மேட்டுக்கு ஏறுவார்கள், புல்வெளி ஆறாகும். பூங்கா இலாகாவும் நீர் வாரியமும் தம் எல்லைக்கோட்டை அழித்துச் சேர்ந்து செய்ததால்தான் இது நடந்தது. இரண்டும் தனித்தனியாக ஒப்பந்தம் விட்டிருந்தால் வேலி வேலியாகவே நின்றிருக்கும்.

சீனாவில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் யூ கொங்ஜியான் முன்வைத்த 'பஞ்சு நகரம்' என்ற கருத்து அரசின் கொள்கையாகவே ஆனது: நீரை விரட்டாதே, நிலத்தில் ஊறவிடு. 2021 ஜூலையில் செங்சோவ் நகரில் ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அந்தத் திட்டத்துக்குப் பெருஞ்செலவு செய்திருந்த நகரமும் மூழ்கியது. கருத்து தவறென்று சிலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊறும் நிலத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. எத்தனை சென்டிமீட்டர் மழைக்கு இந்த அமைப்பு, அதற்கு மேல் வந்தால் நீர் எந்த வழி போகும் என்பதை ஒவ்வொரு வடிவமைப்பும் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கமும் இந்தக் கேள்விகள் உண்டு. இலங்கையில் கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமென்று அறிவிக்கப்பட்டது; சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டு ஏரி வரிசையில் ஓர் ஏரியின் கலிங்கு வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். தென்சென்னை ஏரிகளின் மிகுநீர் கடைசியில் சேரும் இடம் பள்ளிக்கரணை. மெக்ஹார்க் தாளில் தேடிய ஒழுங்கு இங்கே மண்ணிலேயே வெட்டப்பட்டிருந்தது. அதன்மேல் குப்பைமேடும் அலுவலகக் கோபுரங்களும் ஏறியபின், நடுநடுவே மிஞ்சிய துண்டுகளில் நடைபாதையும் செயற்கை நீரூற்றும் வைத்து அழகுபடுத்துவதை நிலத்தோற்றக் கலை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்களில் நிலத்தோற்ற வடிவமைப்பாளரைக் கூப்பிடுவது சுற்றுச்சுவர் எழும்பிய பிறகு. தரைமட்டம் குறிக்கும் நாளிலேயே அவர் அங்கே இருக்க வேண்டும். அவர் கொடுக்கும் வரைபடத்தோடு இன்னொரு தாளும் இணைந்திருக்க வேண்டும்: வரத்து வாய்க்காலை ஆண்டுதோறும் யார் தூர்வாருவது, அடைமழை இரவில் மதகைத் திறக்க யார் வருவது, அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று. ஏரிப் பாசனத்தில் இந்த வேலைக்கு ஊரில் ஆள் இருந்தார். மாநகராட்சிப் பணியிடங்களிலும் அந்த இடம் உருவாக வேண்டும்.